ஆபிரகாம் வர்கீஸ் நாவல்களில் கதைசொல்லியும் நோக்குநிலையும்

ஆபிரகாம் வர்கீஸ் (பிறப்பு 1955) ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர், ஆங்கில நாவலாசிரியர். 'கட்டிங் ஃபார் ஸ்டோன்' (2009), 'தி கவனன்ட் ஆஃப் வாட்டர்' (2023) ஆகிய இவருடைய இரு நாவல்களும் அமெரிக்காவில் பெருவாரியாக விற்றவை. இரண்டிலும் மருத்துவமனை உண்டு, குடும்ப ரகசியம் உண்டு, சென்னையும் உண்டு. கதை சொல்லும் முறையில் மட்டும் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. முதல் நாவலின் கதைசொல்லி தனக்குத் தெரிய வழியே இல்லாததையெல்லாம் சொல்கிறான். இரண்டாவதன் கதைசொல்லிக்கு எல்லாம் தெரியும். ஆனால் முக்கியமானதைச் சொல்வதில்லை.

கேரளக் கிறிஸ்தவ ஆசிரியத் தம்பதியின் மகனாக அடிஸ் அபாபாவில் பிறந்த வர்கீஸின் மருத்துவப் படிப்பு எத்தியோப்பியப் புரட்சியால் தடைப்பட்டது. நியூ ஜெர்சி மருத்துவமனைகளில் கடைநிலை உதவியாளராக வேலை பார்த்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார். டெக்சாஸின் எல் பாசோவில் பணியாற்றிய காலத்தை 'தி டென்னிஸ் பார்ட்னர்' (1998) நூலில் 'நான்' என்றே எழுதினார். அது நினைவுக்குறிப்பு, தான் கண்டதைத் தாண்டிப் போக அதில் இடமில்லை. சான் அன்டோனியோவில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 2007-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார்.

'கட்டிங் ஃபார் ஸ்டோன்' அதே தன்மை இடத்தில்தான் நடக்கிறது. மரியன் ஸ்டோன், ஷிவா என்ற இரட்டையரில் மரியன் கதை சொல்கிறான். 1954-இல் அடிஸ் அபாபா மருத்துவமனையில் கன்னிகாஸ்திரீ ஒருவர் பிரசவத்தில் இறக்க, இருவரும் பிறக்கிறார்கள். இந்த ஒரு பிரசவத்துக்கே நாவலின் முதல் பாகம் முழுவதும் செலவாகிறது. மரியன் அப்போது தாயின் வயிற்றில் இருக்கிறான். இருந்தும், சென்னையில் விடுமுறை முடித்து விமானத்தில் திரும்பும் மகப்பேறு மருத்துவர் ஹேமாவின் மனதில் என்ன ஓடியது என்பதை அவனே விவரிக்கிறான். வளர்த்தவர்களிடம் கேட்டதும் சொந்த ஊகமும் சேர்ந்த கதை இது. தாயைப் பார்த்தே இராத பிள்ளை அவளைத் தன் வார்த்தைகளால் உண்டாக்கிக்கொள்கிறான் என்று எடுத்துக்கொண்டால் இந்த அத்துமீறல் உறுத்தாது. கறாரான வாசகருக்கு உறுத்தலாம்.

'தி கவனன்ட் ஆஃப் வாட்டர்' படர்க்கையில், நிகழ்கால வினையில் நகர்கிறது. 1900-இல் திருவிதாங்கூரில், விடிந்தால் கல்யாணம் என்ற நிலையில், பன்னிரண்டு வயதுச் சிறுமி அம்மாவோடு பாயில் படுத்து அழுதுகொண்டிருக்கிறாள். அங்கிருந்து 1977 வரை மூன்று தலைமுறைகள். சிறுமி, அவள் மகன் பிலிப்போஸ், கிளாஸ்கோவிலிருந்து சென்னைக்கு வரும் அறுவை மருத்துவர் டிக்பி, பேத்தி மரியம்மா என்று ஒவ்வொருவர் மனதுக்குள்ளும் கதைசொல்லி தாராளமாகப் போய்வருகிறார். பிலிப்போஸின் மனைவி எல்சியிடம் வரும்போது மட்டும் கைகட்டி நிற்கிறார். அவள் ஆற்றில் மூழ்கிவிட்டதாகக் குடும்பம் நம்புகிறது, அவர் திருத்துவதில்லை. அவள் தொழுநோயோடு உயிர் வாழ்ந்ததும், மரியம்மாவின் உண்மையான தந்தை யார் என்பதும் கடைசியில்தான் வெளியாகின்றன. எல்சியை ஆரம்பத்திலேயே பேசவிட்டிருந்தால் நாவலின் புதிர் குலைந்திருக்கும். அவள் ஓவியமும் சிற்பமும் படைக்கும் கலைஞர் என்பதால், அந்த மௌனத்துக்கு நாவல் கொடுக்கும் விலை அதிகம்.

தமிழ் வாசகருக்கு இந்தத் தந்திரம் புதிதல்ல. 'பொன்னியின் செல்வ'னில் (1950–54) வாசகரை அழைத்துப் பேசிக்கொண்டே வரும் கல்கியும், ஆதித்த கரிகாலன் கொலையில் விளக்கை அணைத்துவிடுகிறார். வேறுபாடு, கல்கி அந்த முடிச்சை முழுதாக அவிழ்க்கவே இல்லை என்பது. வர்கீஸ் மருத்துவர், நோய்க்குப் பெயர் வைக்காமல் விடமாட்டார். பிலிப்போஸின் குடும்பத்தில் தலைமுறைதோறும் ஒருவர் நீரில் மூழ்குவதற்கும் மூளை நரம்புக் கட்டியைக் காரணமாகக் காட்டிவிடுகிறார்.

கட்டமைப்பில் இரண்டாவது நாவலே தேர்ந்தது. நெருக்கத்தில் முதலாவதை அது எட்டவில்லை. 700 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த இரண்டாவது நாவலின் ஒலிநூலுக்கு வர்கீஸே குரல் கொடுத்திருக்கிறார்.