இரட்டைத் தொட்டி இயந்திரம்



கணக்கியலில் பெறுமானத் தேய்வு என்றொரு விடயம் உண்டு. வாங்கிய இயந்திரத்தின் பெறுமதியை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் ஏட்டில் பூச்சியம் என்று எழுதிவிடுவோம். அப்படிப் பூச்சியமாகிவிட்ட பழைய உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களைத் தேடி எடுத்து, திருத்தி, மறுபடி ஓடவைப்பவர்கள் பிரித்தானியாவில் இருக்கிறார்கள். இது என்ன வீண் வேலை என்று கேட்பவர்களுக்காகவே இம்மாத உரை.

இயந்திரம் வருமுன் இந்த நாட்டில் திங்கட்கிழமை என்றால் தோய்க்கும் நாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, தொட்டியில் உடுப்பைப் போட்டுத் தடியால் குத்தி, உருளைகளுக்கிடையில் கொடுத்துப் பிழிய ஒரு பெண்ணுக்கு முழு நாளும் போய்விடும். தென் வேல்ஸில் சுரங்கத் தொழிலாளரின் கரி படிந்த உடுப்புகளும் அதோடு சேரும்.

அந்தத் தென் வேல்ஸில், மேர்தர் டிட்வில் நகருக்கு அருகேயுள்ள பென்ட்ரபாக்கில், 1948 இல் ஹூவர் கம்பனி தனது சலவை இயந்திரத் தொழிற்சாலையைத் திறந்தது. 1930களில் வேலையில்லாமல் வாடிய பகுதி அது. முதலில் செய்யப்பட்டது, கையால் சுற்றிப் பிழியும் உருளைகள் பூட்டிய சிறிய இயந்திரம். பிறகு இரட்டைத் தொட்டி இயந்திரம் வந்தது.

1958 அளவில் ஜோன் புளூம் என்ற இளைஞர் இந்த வியாபாரத்தில் இறங்கினார். கடைக்காரரைத் தவிர்த்து, பத்திரிகை விளம்பரம் மூலம் நேரடியாக வீடுகளுக்கே குறைந்த விலையில் விற்றார். தவணைமுறையில் சாதாரண குடும்பங்களும் வாங்கின. அவருடைய ரோல்ஸ் ரேசர் கம்பனி 1964 யூலையில் முறிந்தது. ஆனால் வாங்கிய வீடுகளில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இரட்டைத் தொட்டியில் ஒன்று தோய்க்க, மற்றது சுழற்றிப் பிழிய. முதலில் வெள்ளை உடுப்புகள். அவற்றை மர இடுக்கியால் எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போட்டால், பிழிந்து வரும் சவர்க்காரத் தண்ணீர் திரும்பவும் தோய்க்கும் தொட்டிக்கே போகும். அதே சுடுநீரில் நிற உடுப்புகள், கடைசியாக வேலை உடுப்புகள். தண்ணீரும் மின்சாரமும் மிச்சம். ஆனால் ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்கவேண்டும். முழுத் தானியங்கி வந்ததும் இது பின்தள்ளப்பட்டதற்குக் காரணம் அதுதான்.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே வந்திறங்கிய எங்கள் சனத்தில் சிலர், மற்றவர்கள் கழித்துவிட்ட இந்த இயந்திரத்தைப் பழைய பொருட்கடையில் வாங்கிப் பாவித்தார்கள். கிணற்றடியில் கல்லில் அடித்துத் தோய்த்த அம்மாமாருக்கு எந்த உடுப்பு முதல், எது கடைசி என்ற ஒழுங்கை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பென்ட்ரபாக் தொழிற்சாலையில் 2009 மார்ச்சில் உற்பத்தி நின்றது. இன்று அந்த இயந்திரங்களைத் திருத்துபவர்களுக்கு மோட்டாரும் பட்டியும் பம்பியும் விளங்கக்கூடியவை. இறப்பர்க் குழாய்களைத்தான் காலம் தின்றுவிடும். உங்கள் கொட்டிலில் ஒன்று கிடந்தால் உடனே மின்சாரம் கொடுக்கவேண்டாம். 1960கள் வரையான வயர்களில் சிவப்பு மின்னோட்டத்துக்கு, கறுப்பு நடுநிலைக்கு, பச்சை நிலத்துக்கு. இன்றைய நிறங்கள் வேறு. மின்தொழில் தெரிந்தவர் பார்த்த பிறகே ஓட்டவேண்டும்.

வீட்டில் பெண்கள் செய்த வேலை எந்த ஐந்தொகையிலும் வருவதில்லை. ஆண்டுக்கணக்காக அந்த ஏடுகளை எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், அதற்கென்று ஒரு நிரலே கிடையாது. தோய்க்கும் ஒழுங்கும், பக்கத்தில் நின்ற நேரமும் படத்தைப் பார்த்தால் விளங்காது. இயந்திரம் ஓடினால்தான் விளங்கும். அதனால் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது அதை உடனே எறிந்துவிடாதீர்கள். அம்மாவை, அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, எப்படித் தோய்த்தார்கள் என்று கேட்டு, குரலைப் பதிவுசெய்து எங்கள் நிலையத்துக்கு அனுப்புங்கள். ஒலிபரப்புவோம்.