சாடி மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டு

கடந்த சித்திரை மாத இறுதியில் ரொறன்ரோவிலிருந்து என் தமக்கை தொலைபேசியில் அழைத்தார். யன்னலோரத்தில் பூச்சாடிகளை வைத்து மிளகாய் விதை போட்டிருந்தாராம். பத்து நாளில் விதைகள் நன்றாகவே முளைத்தன. ஆனால், அடுத்த வாரத்திற்குள் நாற்றுகள் யாவும் மண்ணோடு ஒட்டிய இடத்தில் கறுத்து, நூல் போல மெலிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்துவிட்டன.

"விதை சரியில்லையடா தம்பி" என்றார்.

"மண் எங்கை எடுத்தனீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"பின்வளவிலைதான். எங்கடை ஊர் மண் ஒரு பை கிடைச்சால் எல்லாம் செழிச்சு வளரும்" என்று பெருமூச்சு விட்டார்.

விதைமீது பழியைப் போட்டு மண்ணை மறந்துவிடும் இத்தவறை நானும் செய்தவன்தான். கொழும்பில் மாடிக் குடியிருப்பொன்றுக்கு வந்த புதிதில், வீதியோரக் கட்டட வேலையில் தோண்டிப் போட்டிருந்த மண்ணை அள்ளிவந்து தக்காளி நட்டு, மூன்று முறை இழந்தேன். கலைப்பட்டதாரியான எனக்கு விவசாய விஞ்ஞானம் அந்நியமான துறை. ஆயினும், ஒரு சம்பவத்தின் அடிமுடி தேடிப் போவது பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம். அவ்வாறு தேடியபோதுதான் சாடி மண்ணுக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை அறிந்தேன்.

நாற்றுகளைச் சாய்ப்பவை பித்தியம், ரைசொக்டோனியா முதலான நுண்ணுயிர்கள். இவை தோட்ட மண்ணில் இயல்பாகவே வாழ்பவை. திறந்த நிலத்தில் இவற்றோடு போட்டியிடும் ஏராளமான உயிர்கள் உண்டு; மேலதிக நீரும் ஆழத்திற்கு இறங்கிவிடும். அதே மண்ணை ஒரு சாடியில் அடைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. சாடியின் துவாரத்திற்கு மேலுள்ள பகுதி எந்நேரமும் ஈரம் சுமந்து நிற்கிறது. மண் இறுகுகிறது, வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. நோய்க்கிருமிக்கு அதுவே கொண்டாட்டமாகிறது.

இந்த நோய்க்குப் பரிகாரம் கண்டவர்கள் நோயைத் தேடிப் போனவர்கள் அல்லர் என்பதுதான் இச்சரித்திரத்தின் சுவையான பகுதி. இலண்டனில் நில வணிகத்தால் செல்வந்தரான ஜோன் இன்னஸ் 1904இல் காலமானபோது, தமது சொத்தைத் தோட்டக்கலை ஆய்வுக்கென விட்டுச் சென்றார். அதனைக் கொண்டு 1910இல் மேர்ட்டன் என்னுமிடத்தில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் வில்லியம் பேற்சன். மரபியலைக் குறிக்கும் 'ஜெனற்றிக்ஸ்' என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் அவரே.

1930களில் அங்கு சீனப் பிரிமுலா என்னும் பூச்செடியில் மரபியல் ஆய்வுகள் நடைபெற்றன. மரபியல் என்பது எண்ணிக்கைக் கணக்கு. எத்தனை செடி வெள்ளைப் பூ, எத்தனை செடி சிவப்புப் பூ என்று எண்ணித்தான் விதியைக் கண்டறிய வேண்டும். பூக்கும் முன்னரே நாற்றுகள் பெருமளவில் மடிந்தால் கணக்கே பிழைத்துவிடும். ஆகவே, நாற்றைக் காப்பது அந்நிறுவனத்திற்கு வாழ்வா சாவா என்ற பிரச்சினையாயிற்று. அப்பொறுப்பு லோறன்ஸ் என்பவரிடம் வந்தது. சிறுவனாக அங்கே தோட்ட வேலைக்குச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்தவர் அவர். அவரோடு இணைந்து உழைத்தவர் ஜோன் நியூவெல்.

அக்காலத்தில் ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒவ்வொருவரிடமும் செடிக்கொரு கலவை இருந்தது. இலைமக்கு, பழைய சாணம், ஆற்று மணல், இடித்த செங்கல் என்று அவரவர் கைமருந்து. குருவிடமிருந்து சீடனுக்கு இரகசியமாகச் சென்ற கலவைகள் அவை. லோறன்ஸும் நியூவெலும் அவற்றைப் பல ஆண்டுகள் சோதித்து, அத்தனைக்கும் பதிலாக இரண்டே இரண்டு அடிப்படைக் கலவைகள் போதுமென்று நிறுவினர். விதைக்கு, கன அளவில் 2 பங்கு வண்டல் கலந்த தோட்ட மண், 1 பங்கு பீற், 1 பங்கு பருமணல். செடிக்கு, 7 பங்கு மண், 3 பங்கு பீற், 2 பங்கு பருமணல். பீற் என்பது சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்த பாசியின் மக்கு. செடிக்கலவைக்கான பசளை, குளம்பு–கொம்புத் தூள் 2 பங்கும் சுப்பர் பொஸ்பேற்று 2 பங்கும் பொற்றாசியம் சல்பேற்று 1 பங்கும் நிறையளவில் சேர்ந்தது. சுமார் 36 லீற்றர் கலவைக்கு அதில் 113 கிராம், அத்துடன் 21 கிராம் சுண்ணாம்புக்கல் தூள். செடி வளர்ந்து பெரிய சாடிக்கு மாறும்போது இவற்றை இரட்டிப்பாக்கினர், பின்னர் மும்மடங்காக்கினர்.

ஆனால், அவர்களது வெற்றியின் இரகசியம் வெப்பத்தில் இருந்தது. கலவையில் சேரும் மண்ணை மட்டும் நீராவியில் சுமார் 82 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, 10 நிமிடம் வைத்து, விரைவாக ஆறவிட்டனர். நோய்க்கிருமிகளும் பூச்சிகளும் களை விதைகளும் அதில் அழிந்தன. நீராவி கண்ட மண்ணில் நாற்றுகள் சில வேளை வளர்ச்சி குன்றுவது முன்னரே அறியப்பட்டிருந்தது. பொஸ்பேற்றைச் சேர்த்தால் அக்குறை நீங்கும் என்பதை இவ்விருவரும் காட்டினர். 1939இல் அவர்களது நூல் வெளிவந்தது. அவ்வாண்டே உலக யுத்தமும் மூண்டது. வீட்டுத் தோட்டத்தில் உணவு பயிரிடும்படி அரசு மக்களைக் கேட்டுக்கொண்ட காலத்தில் இக்கலவை பிரித்தானியா எங்கும் பரவியது. அந்நிறுவனம் கலவையைத் தயாரித்து விற்கவில்லை. செய்முறையை எல்லோருக்கும் பகிரங்கமாகவே அறிவித்தது. இன்றும் அங்கு கடைகளில் பல உற்பத்தியாளர்கள் ஜோன் இன்னஸ் என்ற பெயரில் விற்கும் பொதிகள் அச்செய்முறையின் வாரிசுகளே.

இதைப் படித்தபோது எனக்கு யாழ்ப்பாணத்து அப்புவின் நினைவு வந்தது. மிளகாய் நாற்றுமேடை போடுமுன் அவர் அதன்மேல் வைக்கோலையும் காய்ந்த சருகையும் பரப்பித் தீ மூட்டுவார். சாம்பல் உரமாகும் என்று மட்டுமே நான் எண்ணியிருந்தேன். மேல்மண்ணைச் சூடாக்கி நாற்றழுகலைக் குறைப்பதே அதன் பிரதான நோக்கம் என்பதை, அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின்னர், ஓர் ஆங்கிலேய ஆய்வின் வழியாக அறிந்துகொண்டேன். சொல்லக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

சரித்திரம் அத்தோடு முடியவில்லை. கிருமியைக் கொல்ல வெப்பம் நல்லதென்றால், மேலும் வெப்பம் மேலும் நல்லதுதானே என்று பலரும் மண்ணை 100 பாகையில் அவித்தனர். அம்மண்ணில் மங்கனீசு, அமோனியா முதலியவை செடிக்கு நஞ்சாகும் அளவுக்குச் சேர்வதுண்டு. அதைவிட மோசமானது, எல்லா உயிரும் மடிந்த மண்ணில் ஒரு நோய்க்கிருமி தற்செயலாக விழுந்தால், எதிர்க்க எவருமின்றி அது முன்னைவிட வேகமாகப் பெருகும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கென்னத் பேக்கர் இதனை வலியுறுத்தினார். அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1957இல் வெளியான கைந்நூல், சாடிச் செடி வளர்ப்பின் சுகாதாரத்தை ஒரு முழு முறையாகவே வகுத்தது. நீராவியோடு காற்றைக் கலந்து, 60 பாகையில் 30 நிமிடம் வைத்தாலே போதும். பெரும்பாலான நோய்க்கிருமிகள் மடியும், நன்மை செய்யும் பல உயிர்கள் பிழைக்கும் என்பது அவர் பின்னர் முன்வைத்த வழி. சுத்தமான மண் என்பது செத்த மண் அல்ல. இந்த ஒரு வாக்கியத்திற்காகவே இச்சரித்திரத்தைப் படித்தது வீண்போகவில்லை என்பேன்.

1960களில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தார் மண்ணையே விலக்கி, பீற், வேமிகியூலைற்று, பேர்லைற்று ஆகியவற்றால் கலவை செய்தனர். உலகச் சந்தை அவ்வழியே சென்றது. அதற்கான விலையைச் சதுப்பு நிலங்கள் கொடுத்தன. பீற் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளர்கிறது. தோண்டினால் அதில் சிறைப்பட்ட கரியும் வளிமண்டலத்திற்குச் செல்கிறது. வீட்டுத் தோட்டங்களுக்கு பீற் விற்பதை 2024ஆம் ஆண்டளவில் தடை செய்வதாக இங்கிலாந்து அரசு 2022இல் அறிவித்தது. சட்டம் வராமலே அக்கெடு கடந்துவிட்டது.

இங்கேதான் நமது தீவு இக்கதைக்குள் வருகிறது. தும்பு பிரித்தபின் எஞ்சும் தும்புச்சோறு, குருணாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் தும்பாலைகளுக்கு அருகே நீண்ட காலம் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. பீற்றுக்கு மாற்றுத் தேடிய நாடுகள் அதன் அருமையைக் கண்டபின், கழுவி, உலர்த்தி, கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. 5 கிலோ கட்டி நீரில் ஊறினால் 60 லீற்றருக்கு மேல் விரியும்.

செய்முறையையும் கூறிவிடுகிறேன். மண்ணை அரித்து, சற்றே ஈரமாக, புட்டு மாவின் பதத்தில் உதிரியாக எடுங்கள். பழைய பானையில் புட்டு அவிப்பது போலவே ஆவியில் அவியுங்கள். மண் கொதிநீரில் படக்கூடாது. நடுமண் 82 பாகையைத் தொட்டு 10 நிமிடமானதும் இறக்கிப் பரப்பி ஆறவிடுங்கள். வெயில் நாட்டினர், ஈர மண்ணைத் தெளிந்த பொலித்தீனால் மூடி 4 முதல் 6 வாரம் வெயிலில் விடலாம். பின்னர் 7 பங்கு மண்ணுக்கு, நன்கு கழுவி உப்பு நீக்கிய தும்புச்சோறு 3 பங்கு, பருமணல் 2 பங்கு சேருங்கள். பழைய சாடியையும் கரண்டியையும் கழுவாவிட்டால் அத்தனையும் வீண்.

கடையில் வாங்கும் கலவையிலும் கவனம் தேவை. 1980களின் பிற்பகுதியில் தெற்கு அவுஸ்திரேலியாவில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா வகையொன்று சாடிக்கலவையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பையைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, தூசு கிளம்பாமல் நனைத்து, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, பின் கை கழுவுவது நல்லது.

அக்காவிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். ஊர் மண் அனுப்பும் பேச்சுக்கு இடமில்லை என்பதையும் சொன்னேன். வேற்று நாட்டு மண்ணைக் கனடா உள்ளே விடாது; காணாத நோய்கள் அதனோடு வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

இரு வாரங்களின் பின் மீண்டும் அழைத்தார். மண்ணை அவித்தாயிற்று, வீடெல்லாம் மண் மணம், அத்தானுக்குக் கோபம் என்றார். கடையில் தும்புச்சோற்றுக் கட்டியொன்றும் வாங்கியிருந்தார்.

"உறையைத் திருப்பிப் பார்த்தனான். எங்கடை நாட்டிலை செய்தது எண்டு போட்டிருக்கடா" என்றார்.

பழைய விதைப் பையில் மீதமிருந்த விதைகளையே இம்முறையும் போட்டார். இப்போது அவை நான்கிலை விட்டு நிமிர்ந்து நிற்கின்றன.