பழுதில்லாத விமானங்கள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவு இழந்த 55,573 பேரில் ஏறத்தாழ 8,000 பேர் எதிரியின் கையால் சாகவில்லை. பயிற்சியிலும் விபத்துகளிலும் போனவர்கள். ஆரம்பப் பயிற்சிப் பள்ளிகளில் மாண்டவர்கள் இந்தக் கணக்கில் வராதவர்கள். வடக்கு வேல்ஸின் ஸ்னோடோனியா மலைகளில் சிதறிய பயிற்சி விமானங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம், மோசமான வானிலையில் மலையில் மோதியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரி பொய்யில்லை. ஆனால் மலையும் மேகமும் அங்கே எப்போதும் இருப்பவை. அவற்றுக்கு நடுவே ஒரு சிறு விமானத்தை எந்த உயரத்தில், எதை நம்பிப் பறக்கவிட்டார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கார்னார்வன் நகரருகே கடலோரத்தில் இருந்தது லான்டூரோக் விமானத் தளம். நேவிகேட்டர்களுக்கு அங்கே பயிற்சி. விமானம், இரட்டை எஞ்சின் கொண்ட ஆவ்ரோ ஆன்சன். சக்கரங்களை மடக்கக் கைப்பிடியை நூறு தடவைக்கு மேல் சுற்ற வேண்டிய பழைய வடிவமைப்பு. பயிலுநர் செய்ததெல்லாம் ஊகக் கணக்கு: வேகம், திசை, நேரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, காற்று எவ்வளவு தள்ளியிருக்கும் என்று மதிப்பிட்டு, வரைபடத்தில் பென்சிலால் புள்ளி வைப்பது. காற்றின் வேகத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் தவறாகக் கணித்தால், ஒரு மணி நேரத்தில் அந்தப் புள்ளி 30 கிலோமீட்டர் பிசகிவிடும். லான்டூரோக்கிலிருந்து 1,085 மீட்டர் உயர ஸ்னோடன் சிகரம் 20 கிலோமீட்டருக்குள். ஐரிஷ் கடலின் மேல் சுற்றிவிட்டு மேகத்துக்குள் திரும்பும் விமானம், கீழே கடல்தான் என்று நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. போதாததற்கு உயரமானி வேறு. அது அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. புயல் நெருங்கி அழுத்தம் 10 மில்லிபார் குறைந்தால், முள் இருப்பதைவிடச் சுமார் 300 அடி கூட்டிக் காட்டும். ஆக, வானிலை கெடும் நாளில்தான் கருவியும் ஏமாற்றும்.

வானிலையே விமானத்தை வீழ்த்தியிருக்கலாமே, பனி உறைந்தோ கீழ்நோக்கிய காற்றில் சிக்கியோ விழுந்திருக்கலாமே என்று கேட்கலாம். சில அப்படி விழுந்திருக்கும். ஆனாலும் பல விபத்துகளில் உயிர் பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே வேறு கதை சொல்கிறது. கட்டுப்பாடு இழந்து செங்குத்தாக விழுந்த விமானத்திலிருந்து யாரும் எழுந்து வருவதில்லை. எஞ்சின் ஓட, இறக்கை சமமாக இருக்க, கண்ணுக்குத் தெரியாத சரிவில் உரசி நின்ற விமானத்தில்தான் அதற்கு வாய்ப்பு. அப்படித் தப்பியவர்கள் பிறகு குளிரிலும் காயத்திலும் செத்ததைக் கண்டுதான், லான்டூரோக்கின் மருத்துவ அதிகாரி டெஸ்மண்ட் கிரஹாம் 1942இல் தன் மருத்துவப் பணியாளர்களையே தொண்டர்களாகச் சேர்த்து மலையேறத் தொடங்கினார். 1943இல் விமானப்படை அதை மலை மீட்புப் பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஒரு டாக்டர் மலையேற்றக் குழு நடத்த வேண்டிவந்தது என்றால், இப்படிப்பட்ட விபத்து எவ்வளவு அடிக்கடி நடந்திருக்க வேண்டும்!

இளரத்தத்தின் துடுக்கு என்பது இன்னொரு பதில். இந்தப் பள்ளிகளில் அது பொருந்தாது. ஓட்டியவர் பயிற்சி முடித்த விமானி. கற்றுக்கொண்டிருந்தவர், அவருக்குத் திசை சொன்னவர். மாணவனின் புள்ளியை நம்பி விமானி பறப்பது அந்தப் பாடத்தின் அமைப்பிலேயே இருந்தது. மலையோரத்தில் பள்ளி வைத்தது முட்டாள்தனம் என்பாரும் உண்டு. கிழக்கும் தெற்கும் போர் விமானங்களுக்குத் தேவைப்பட்டன. எதிரி விமானங்கள் எளிதில் எட்டாத இடம் மேற்குக் கரை. இடத்தேர்வை மன்னிக்கலாம். அந்த இடத்தில் மேகத்துக்குள் தாழ இறங்க வாய்ப்பு வைத்த நடைமுறையை அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியாது. போரின் அவசரம் என்றால், செத்த மாணவனுக்குப் பதில் இன்னொருவனை முதலிலிருந்து தயார் செய்வது எந்த அவசரத்தைக் குறைத்தது?

மேகம் பின்னர் கலைந்துவிடவில்லை. மாறியது விதிதான். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் விமானம், பாதையருகே உள்ள மிக உயர்ந்த தடையைவிடக் குறைந்தது 1,000 அடி, மலைப் பகுதியில் 2,000 அடி மேலே இருக்க வேண்டும் என்பது இன்று சர்வதேச விதி. ஊகத்துக்கும் பாறைக்கும் இடையே வைத்த அந்த 2,000 அடிதான் ஆன்சன்களுக்குக் கிடைக்காமல் போனது. லான்டூரோக் இப்போது கார்னார்வன் விமான நிலையம். 2015 முதல் கடலோரக் காவல் அமைப்பின் மீட்பு ஹெலிகாப்டர்கள் அங்கிருந்துதான் ஸ்னோடோனியாவுக்குக் கிளம்புகின்றன.