குழலின் அழுக்கும் குறியின் நேர்மையும்

போர்க் கருவிகளின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டவர்களின் பெயரையும், அவற்றால் வென்ற போர்களின் பெயரையும் சொல்லி முடித்துவிடுவர். போர் ஓய்ந்த மாலையில் வீரன் தன் துப்பாக்கியை எதைக்கொண்டு துடைத்தான் என்பதை அவர்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஆயினும், ரைபிள் என்னும் துப்பாக்கியின் குறி தப்புவதும் தப்பாமையும் அந்தத் துடைப்பையே பெரிதும் சார்ந்து வந்திருக்கின்றன. அச்சிறு வேலையின் வரலாற்றையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ரைபிளின் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவற்றைப் பற்றிக்கொண்டு சுழன்றவாறே வெளிப்படுகிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போல, சுழலும் குண்டும் புரளாமல் நேரே செல்கிறது. இங்கு ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். குறியின் நேர்மை என்பது ஒரு முறை நன்றாகச் சுடுவது அன்று. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சுடுவது. முதற் குண்டு புறப்பட்ட குழலும் பத்தாம் குண்டு புறப்பட்ட குழலும் ஒரே நிலையில் இருந்தால்தான் இரண்டும் ஓரிடத்தில் சென்று தைக்கும். அழுக்கு அந்த நிலையை மாற்றிவிடுகிறது.

பழைய வெடிமருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. அது எரியும்போது வாயுவாக மாறுவது பாதிக்கும் குறைவே. எஞ்சியது புகையாகவும், குழலின் சுவரில் ஒட்டும் கசடாகவும் தங்கிவிடும். ஆங்கிலப் படையில் 1800-ஆம் ஆண்டு வழங்கப்பட்ட பேக்கர் ரைபிளில், குண்டைத் துணியிலோ தோலிலோ சுற்றி, வாய் வழியாக இறுக்கி இடிக்க வேண்டும். சில முறை சுட்டதும் கசடு தடித்துவிடும். குண்டு எளிதில் இறங்காது. அதனை அடித்து இறக்குவதற்கென்று தொடக்கத்தில் வீரர்களுக்குச் சிறு மரச் சுத்திகளும் கொடுத்திருந்தார்கள். குறி தப்பாத துப்பாக்கி நெடுநாள் ஒரு சிலர் கையில் மட்டும் இருந்ததற்கு இந்தக் கசடு ஒரு முக்கியக் காரணமாகும்.

1849-ஆம் ஆண்டளவில் மினியே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரி இதற்கு வழி கண்டார். குழலின் விட்டத்தைவிடச் சற்றே சிறிய, கூம்பு வடிவான ஈயக் குண்டு ஒன்றை அவர் அமைத்தார். அது தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடித்ததும் அதன் குழிந்த அடிப்பாகம் விரிந்து பள்ளங்களைப் பற்றிக்கொள்ளும். இம்முறையைத் தழுவியதே ஆங்கிலேயரின் 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிள். அதன் குழலின் விட்டம் 0.577 அங்குலம், குண்டின் விட்டம் முதலில் 0.568 அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான். அவ்வளவு சிறிய இடைவெளியைக் கசடு விரைவில் அடைத்துவிடும். ஆகவே, குண்டு இருக்கும் பக்கத்துக் காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். அக்கொழுப்பு கசடு இறுகாதபடி இளக வைத்து, அடுத்த குண்டுக்கு வழி விட்டது.

அந்தக் கொழுப்பு நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற செய்தியை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அக்காலத் தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துத் திறப்பது வழக்கம். கொழுப்பு பசுவினுடையது என்றும் பன்றியினுடையது என்றும், 1857-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பேச்சு எழுந்தது. இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருங்கே மனம் கொதித்தனர். மே மாதம் 10-ஆம் நாள் மீரட்டில் புரட்சி வெடித்தது. அரசிழந்த மன்னர்கள், நிலமிழந்த மக்கள், மதிப்பிழந்த சிப்பாய்கள் என அதற்குக் காரணங்கள் பல உண்டு. தோட்டா ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. எனினும், அந்தத் தோட்டாவில் கொழுப்பு ஏன் இருந்தது என்று கேட்போர் சிலரே. குழலின் அழுக்கை வெல்வதற்காகவே அது இருந்தது. கருவியைப் பற்றி எண்ணியவர்கள், அக்கருவியைக் கையில் ஏந்தும் மனிதனைப் பற்றி எண்ணாமல் விட்டார்கள். பின்னர் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது.

அதே 1857-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறொரு சோதனை நடந்தது. பொறியியல் அறிஞர் ஜோசப் விட்வொர்த், அறுகோண வடிவான குழல் கொண்ட ரைபிள் ஒன்றைச் செய்திருந்தார். அது என்ஃபீல்டைக் குறியில் வெகுவாக விஞ்சியது. 1860-ஆம் ஆண்டு விம்பிள்டன் மைதானத்தில் விக்டோரியா மகாராணி, தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளைக் கயிறு இழுத்துச் சுட்டபோது, 400 கெஜ தூரத்திலிருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமான தொலைவிலேயே குண்டு தைத்தது. ஆயினும் படையினர் அதனை ஏற்கவில்லை. விலை மிகுதி என்பதோடு, அதன் குறுகிய குழல் விரைவில் கசடேறியதும் அதற்கு ஒரு காரணம். துடைத்த குழலில் பெற்ற வெற்றி போர்க்களத்துக்குப் போதவில்லை.

வில்லியம் மெட்ஃபோர்டு என்பவர் இதிலிருந்து பாடம் கற்றார். கசடு தங்காமலும் எளிதில் துடைக்கவும் ஏற்றவாறு, ஆழமில்லாத, விளிம்பு மழுங்கிய ஏழு பள்ளங்களை அவர் வகுத்தார். 1888-ஆம் ஆண்டு வந்த லீ-மெட்ஃபோர்டு ரைபிள் அவ்வாறு அமைந்ததே. ஆனால், அழுக்கை வெல்ல வழி கண்ட அதே வேளையில் எதிரி மாறிவிட்டான். 1884-இல் பிரான்சில் வியேல் என்பவர் புகையற்ற வெடிமருந்தைச் செய்திருந்தார். ஆங்கிலேயரும் கார்டைட் என்னும் புகையற்ற மருந்தை மேற்கொண்டனர். அது மிகச் சிறிதளவே கசடு விட்டது. ஆனால் அதன் கடும் வெப்பம் மெட்ஃபோர்டின் மெல்லிய பள்ளங்களை அரித்துத் தேய்த்தது. கசடுக்காக மழுங்க வெட்டிய பள்ளங்களை, 1895-இல் ஆழமாகவும் கூர்மையாகவும் வெட்ட வேண்டியதாயிற்று. அதுவே லீ-என்ஃபீல்டு.

கசடு குறைந்தது; துருவோ குறையவில்லை. எண்ணெயிட்டு நன்றாகத் துடைத்து வைத்த குழலிலும் சில நாட்களில் துரு பூத்தது. வெடிவாயு இரும்புக்குள் புகுந்து பின்னர் வியர்வைபோல் வெளிப்படுகிறது என்று பலர் நம்பினர். உண்மை வேறு. தோட்டாவின் அடியில் தீ மூட்டும் சிறு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாகிக் குழலில் படிந்தது. நம் வீட்டு உப்புக் கலயம் மழைக்காலத்தில் கசிவதுபோல, அவ்வுப்பும் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரித்தது. அமெரிக்கச் சுரங்கத் துறையில் வில்பர்ட் ஹஃப் என்பவர் ஆய்ந்து இதனைத் தெளிவாக்கினார். எண்ணெயில் உப்புக் கரையாது, நீரில்தான் கரையும். ஆகவே, குழலில் கொதிநீர் ஊற்றி, ஈரம் போகத் துடைத்து, அதன் பின்னரே எண்ணெயிட வேண்டும் என்னும் பழைய படைவழக்கம் சரியானதே என்று விளங்கிற்று. நீரை விடுத்து எண்ணெயை மட்டும் நம்பியவனின் குழலில் துரு குழி பறித்தது, அக்குழிகள் குண்டின் மேலுறையைச் சுரண்டின, குறி சிதறியது. 1920-களில் ஜெர்மனியில் இவ்வுப்பை விடாத மருந்து செய்யப்பட்டு, வேறு நாடுகளுக்கும் பரவியபின் இத்தொல்லை நீங்கியது.

இனி, துடைப்பதாலேயே வரும் கேடு ஒன்றையும் கூற வேண்டும். லீ-என்ஃபீல்டு வீரன் ஒரு முனையில் எடையும் மறு முனையில் துணியும் கட்டிய கயிற்றைக் குழலினூடே விட்டு இழுத்தான். கயிறு நேரே வராமல் சாய்ந்து வந்தால் குழலின் வாயை உரசும். மண்துகள் படிந்த கயிறு நாள்தோறும் ஒரே பக்கத்தில் உரச, அங்கே பள்ளம் விழுந்துவிடும். குண்டு குழலை விட்டுப் பிரியும் கடைசி இடம் அவ்வாய்தான். அங்கு ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், வாயு அப்பக்கம் முந்திக்கொண்டு வெளியேறிக் குண்டைச் சாய்த்துவிடும். துடைக்காமல் துருவேறிக் கெட்ட குழல்கள் உண்டு. கவனமின்றித் துடைத்துத் தேய்ந்த குழல்களும் உண்டு.

உங்களில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து .22 ரைபிள் சுட்டவர்கள் இன்னொன்றையும் கண்டிருக்கலாம். நன்றாகத் துடைத்து எண்ணெயிட்ட குழலின் முதற் குண்டுகள் சற்று விலகிச் செல்லும். சில குண்டுகள் சென்றபின் குறி ஓரிடத்தில் நிலைபெறும். ஆகவேதான், சுடுமுன் எண்ணெயை நன்றாகத் துடைத்து எடுக்கச் சொல்கிறார்கள்; போட்டியில் சுடுவோரும் கணக்கில் சேராத சில குண்டுகளை முதலில் சுட்டுக்கொள்கிறார்கள். மிகத் தூய்மையான குழலே மிக நேராகச் சுடும் என்று எண்ணுவதும் பிழையே. வேண்டுவது ஒரே சீரான நிலை.

இவ்வரலாற்றில் நான் காண்பது இதுவே. துடை என்னும் கட்டளை நூற்றைம்பது ஆண்டுகளாக மாறவில்லை; ஆனால் துடைக்க வேண்டிய பொருள் கசடு, உப்பு, உலோகத் துகள் என்று மாறிக்கொண்டே வந்தது. காரணம் அறிந்து துடைத்தவன் வழியையும் மாற்றிக்கொண்டான். வழக்கத்தை மட்டும் அறிந்தவன் வேண்டாததைச் செய்து, வேண்டியதை விட்டான். உங்களுக்கு ஆசிரியரும் பெரியோரும் சொல்லும் விதிகள் பல இருக்கும். அவற்றைப் பின்பற்றுங்கள், பின்பற்றும்போதே அவை எக்காரணத்தால் பிறந்தன என்றும், அக்காரணம் இன்றும் நிற்கிறதா என்றும் கேட்டறியுங்கள். வரலாறு படிப்பதன் பயன்களுள் அதுவும் ஒன்று.