கட்டணம் கேளாத வழக்குரைஞர்கள் – ஒரு வரலாற்றுப் பார்வை

சுரண்டை என்றதும் வெளியூர் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தையே. பொழுது புலரும் முன்பே சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து மூட்டைகள் வந்திறங்கும் ஊர் நம் ஊர். தராசின் முள் ஒரு நூலளவு சாய்ந்தாலும் கண்டுபிடித்துவிடும் கூர்மை இங்குள்ள வியாபாரிக்கும் விவசாயிக்கும் உண்டு. ஆயினும், அதே மனிதரின் கையில் நீதிமன்ற அழைப்பாணை ஒன்று வந்து சேர்ந்துவிட்டால் அந்தக் கூர்மை எங்கோ போய்விடுகிறது. காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது புரிவதில்லை. எந்தத் தேதிக்கு எங்கே போக வேண்டும் என்பது தெரிவதில்லை. வக்கீல் ஃபீஸ் எவ்வளவு ஆகுமோ என்ற அச்சத்திலேயே நாட்கள் கழிந்துவிடுகின்றன. இறுதியில், வாதாட யாருமில்லாமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடுவதும் உண்டு.

இந்த நிலையில் இருப்பவர்களுக்குக் கட்டணமின்றி உதவுவதற்கென்றே நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. சட்டம் படித்துப் பட்டம் பெற்ற சிலர், சம்பாதிக்கும் காலத்தில் சம்பாத்தியத்தைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு எளியவர்களைத் தேடிச் சென்றதனால் உருவானது அது. அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாக இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

நம் மண்ணின் முன்னோடி

இந்த வரலாற்றைத் தொடங்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழைய திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீலே. மகன் திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று, பிளீடர் தேர்வில் தேறி, ஒட்டப்பிடாரத்தில் தொழிலைத் தொடங்கினார். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் பெறாமல் நடத்தினார். அதிகாரிகளின் தவறுகளை நீதிமன்றத்தில் துணிந்து எடுத்துரைத்ததால் அவர்களுடைய பகையையும் தேடிக்கொண்டார். பின்னர் 1900ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குச் சென்றார்.

1906இல் அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை அனைவரும் அறிவோம். அந்தக் கம்பெனியில் ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் இரண்டு லட்ச ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கி உறுதுணையாக நின்றதை நம் சமுதாயத்தின் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கப்பலைப் பேசும் அளவுக்குப் பலரும் பேசாதது 1908ஆம் ஆண்டு நடந்த கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, வார விடுமுறையின்மை ஆகியவற்றால் வாடிய தொழிலாளர்களுக்காக அந்த வழக்குரைஞர் முன்னின்றார். கூலி உயர்வும் விடுமுறையும் கிடைத்தன. அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. அதே ஆண்டு மார்ச் 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் விடுதலையானபோது, வழக்காடும் உரிமமும் பறிபோயிருந்தது.

பல்லாண்டுகள் வறுமையில் உழன்றபின், ஈ.எச்.வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. நன்றி மறவாத வ.உ.சி. தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டினார். சட்ட அறிவு பிறருக்காகச் செலவிடப்படும்போது அதற்கு விலையும் உண்டு என்பதை நம் மண் அன்றே கண்டது.

தர்மமாக இருந்தது உரிமையானது

வ.உ.சி.யின் காலத்தில் ஏழைக்கு உதவுவது வழக்குரைஞரின் பெருந்தன்மையாக மட்டுமே இருந்தது. அவர் மனம் வைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இந்த உதவியை ஓர் அமைப்பாக்கும் முயற்சிக்கு 1924இல் பம்பாயில் தொடங்கப்பட்ட சட்ட உதவிச் சங்கம் ஒரு தொடக்கம். சுதந்திரத்துக்குப் பின் சட்ட ஆணையம் 1958ஆம் ஆண்டு அளித்த தனது 14ஆவது அறிக்கையில், ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என வலியுறுத்தியது.

இந்தக் கருத்துக்கு உயிரூட்டியவர்களுள் முதன்மையானவர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1915இல் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்து, சென்னையில் சட்டம் பயின்று, மலபாரின் தலச்சேரியில் வழக்குரைஞராக இருந்தவர். விவசாயிகளுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் வாதாடினார். 1948இல் ஏறக்குறைய ஒரு மாதம் சிறையிலும் இருந்தார். சிறைக்குள்ளிருந்து சட்டத்தைப் பார்த்த அந்த மனிதர் 1973இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அதே ஆண்டு, அவர் தலைமையிலான குழு ஏழைகளுக்கான சட்ட உதவி பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தது. 1976இல் அரசியல் சாசனத்தின் 42ஆவது திருத்தத்தின் மூலம் 39அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பொருளாதார இயலாமையினால் எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படலாகாது. அதற்கு இலவசச் சட்ட உதவியை அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே அப்பிரிவின் சாரம்.

சாசனத்தில் எழுதியாயிற்று. சிறைக்கதவு உடனே திறந்துவிட்டதா? இல்லை.

ஒரு பெண்ணின் பெயரால் திறந்த கதவுகள்

1979 ஜனவரியில், தேசியக் காவல் ஆணையத்தின் உறுப்பினரான கே.எஃப்.ருஸ்தம்ஜி எழுதிய கட்டுரைகள் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழில் வெளியாயின. பீகார் சிறைகளில், வழக்கு விசாரணையே தொடங்காமல், ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றியவை அவை. குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலத்தைச் சிறையில் கழித்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஜாமீன் தொகை கட்ட வழியில்லை. வாதாட வழக்குரைஞர் இல்லை. ஏழைகளாய் இருந்தது மட்டுமே அவர்கள் செய்த பெரிய பிழை.

டெல்லியில் அந்தச் செய்தியைப் படித்தவர் புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற பெண் வழக்குரைஞர். பிரிட்டனின் கார்டிஃப் நகரில் சட்டம் பயின்று வந்தவர். படித்துவிட்டு வருந்தியதோடு அவர் நிற்கவில்லை. சில நாட்களிலேயே அந்தக் கைதிகளின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். கட்டணம் தரக்கூடிய கட்சிக்காரர் எவரும் அவருக்கு இல்லை. மனுவில் முதற்பெயராக அமைந்தது ஹுஸைனாரா காத்தூன் என்ற முஸ்லிம் பெண் கைதியின் பெயர். அந்தப் பெயரிலேயே வழக்கு இன்றும் அறியப்படுகிறது.

நீதிபதி பி.என்.பகவதி தலைமையிலான அமர்வு, விரைவான விசாரணை என்பது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றும், வழக்குரைஞரை அமர்த்த இயலாதவருக்கு அரசு இலவசமாக வழக்குரைஞரைத் தர வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. இவ்வழக்கின் விளைவாக ஏறக்குறைய 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலை பெற்றதாகக் கூறப்படுகிறது. ஒரு நாளிதழ்ச் செய்தியும், சட்டம் படித்த ஒருவரின் மனச்சாட்சியும் சேர்ந்தபோது நிகழ்ந்தது இது.

சட்டம் தரும் உதவி

இவற்றின் தொடர்ச்சியாகவே 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. தேசிய அளவில் தொடங்கி மாநிலம், மாவட்டம், வட்டம் வரை சட்டப்பணிகள் குழுக்கள் அமைந்தன. இச்சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர்கள், காவலில் உள்ளோர், பேரிடரால் பாதிக்கப்பட்டோர் ஆகியோரும், குறிப்பிட்ட வரம்புக்குக் குறைவான வருமானம் உள்ளோரும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்பதை நம் தாய்மார்கள் குறித்துக்கொள்ள வேண்டும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

இதே சட்டத்தின்கீழ் நடைபெறுவதுதான் லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம். இரு தரப்பும் மனமொத்துச் செய்துகொள்ளும் சமரசம் அங்கே உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரான வலுவைப் பெறுகிறது. அதற்கு மேல்முறையீடு இல்லை. நிலுவையிலிருந்த வழக்காயின், செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். குடும்பப் பிணக்குகளையும் பாகப்பிரிவினைத் தகராறுகளையும் ஜமாஅத்தில் பேசித் தீர்ப்பது நம் மரபு. அந்த மரபு நல்லதே. ஆனால் அவ்வாறு எழுதிக்கொள்ளும் காகிதத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு கிடையாது. ஒரு தரப்பு நாளை வாக்கு மாறினால், ஏமாந்தவருக்குப் போக்கிடம் இராது. பேசி முடித்த சமரசத்தை மக்கள் நீதிமன்றத்தில் உரிய முறையில் பதிவுசெய்யச் சொல்லித்தர ஒரு சட்டப் பட்டதாரி அருகில் இருந்தால் போதும். பல குடும்பங்களின் பிற்காலத் துன்பம் தவிர்க்கப்படும்.

அண்மைக் காலத்து இருவர்

1993ஆம் ஆண்டு. விருத்தாசலம் அருகே முதனைக் கிராமத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்பவர் காவல்துறையினரால் பிடித்துச் செல்லப்பட்டார். பின்னர் அவரைக் காணவில்லை. அவருடைய மனைவி பார்வதிக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடத்தியவர் வழக்குரைஞர் கே.சந்துரு. மனித உரிமை வழக்குகளுக்குக் கட்டணம் பெறுவதில்லை என்பதை வழக்கமாகக் கொண்டவர் அவர். காவலில் நிகழ்ந்த கொலை வெளிச்சத்துக்கு வந்தது. 2006இல் காவலர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. சந்துரு பின்னாளில் அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாகி 2013இல் ஓய்வு பெற்றார். இவ்வழக்கைத் தழுவி 2021இல் ‘ஜெய் பீம்’ திரைப்படம் வெளிவந்தது.

மற்றொருவர் செங்கோட்டைக்கு மேற்கே, மலையைக் கடந்தால் வரும் கொல்லம் மாவட்டத்துக்காரர். ஷம்னாத் பஷீர் அவர் பெயர். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்று, கொல்கத்தாவில் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றியவர். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் வசதியான, ஆங்கிலம் பழகிய வீட்டுப் பிள்ளைகளே நிறைந்திருப்பதை அவர் கண்டார். ஏழைகளின் துன்பம் அறிந்தவர்கள் சட்டத்துறைக்கு வராவிட்டால் ஏழைக்கு நீதி எங்ஙனம் கிடைக்கும் என்று சிந்தித்தார். 2010இல் ‘ஐடியா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். சட்டக் கல்லூரி மாணவர்களே தன்னார்வலர்களாகப் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளுக்குச் சென்று, திறமையுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி அளித்து, கல்லூரியில் சேர்ந்தபின்னும் உடன் நின்று உதவுகின்றனர். 2019 ஆகஸ்டில், 43ஆம் வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். அவர் நட்ட மரம் நிற்கிறது.

நாம் செய்யக்கூடியது

சட்டப் படிப்பு ஒரு காலத்தில் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. சென்னைக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். 1996இல் திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2004 ஜூலை 24இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வந்தது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானது. நீதியின் வாசல் படிப்படியாக நம்மை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. வாசலுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள கடைசித் தூரத்தை யார் கடப்பது என்பதே இப்போதுள்ள கேள்வி.

சட்டம் படித்து முடித்த இளைஞர், யுவதியரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரு நாள், ஓரிரு மணி நேரம். வந்த நோட்டீஸைப் படித்து விளக்குவது, வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் மனு எழுதித் தருவது, வளைகுடாவில் உழைக்கச் சென்று உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு ஆவணங்களைச் சரிபார்த்துத் தருவது, தகுதியுள்ளவரை வட்டச் சட்டப்பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்வது ஆகியவை போதும். ஏழைகளுக்கு இலவசமாக உதவுவது வழக்குரைஞர் சமூகத்துக்கு ஆற்ற வேண்டிய தலையாய கடமைகளுள் ஒன்று என்று பார் கவுன்சில் விதிகளே கூறுகின்றன.

ஓர் எச்சரிக்கையும் தேவை. இலவசம் என்பதால் அலட்சியமாகச் செய்யப்படும் உதவி, உதவாமலிருப்பதைவிடக் கொடியது. தவறவிட்ட ஒரு தவணையில் ஒருவரின் வீடே பறிபோகலாம். எனவே புதிதாகப் பட்டம் பெற்றோர் அனுபவம் மிக்க மூத்த வழக்குரைஞர்களின் மேற்பார்வையிலேயே இப்பணியைச் செய்ய வேண்டும். உதவி நாடி வருபவரின் இரகசியம் காக்கப்பட வேண்டும். வருபவர் எந்த மதத்தவர், எந்தத் தெருவினர் என்று பார்க்கக் கூடாது. வ.உ.சி.யும் பக்கீர் சேட்டும் கைகோத்த மண் இது.

ஆண்டுதோறும் நவம்பர் 9ஆம் நாள் தேசியச் சட்டப்பணிகள் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அடுத்த நவம்பர் 9 வருவதற்குள், நம் முஹல்லாவில் அழைப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு உறக்கமின்றித் தவிப்பவர் ஒருவரும் இல்லை என்ற நிலையை உருவாக்க நம் சட்டப் பட்டதாரிகள் முன்வர வேண்டும். பிள்ளைகளைச் சட்டம் படிக்க வைக்கும் பெற்றோரும் இதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். தராசில் நேர்மை தவறாத ஊருக்கு, நீதியின் தராசைத் தாங்கிப் பிடிப்பதும் கைவராத செயலன்று.