தீவகத்துக் கூத்தும் ஆட்டக்காரரின் உறுதியும்

ஓர் இரவில் ஆடி முடிக்கப்படும் கூத்துக்குப் பல மாத இரவுகள் செலவாகின்றன. ஈழத்து நாட்டுக்கூத்தை ஆராய்ந்தோர் அதன் மோடிகளையும் தாளக்கட்டுகளையும் பாடல் வகைகளையும் விரிவாக நோக்கியுள்ளனர். ஆனால், பகலெல்லாம் உழைத்துக் களைத்த மனிதரை அத்தனை இரவுகளும் பழக்கத்துக்கு வரவழைத்தது யாது என்னும் வினா அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஆட்டக்காரருக்கு ஊதியம் இல்லை. ஒருவர் இடையில் நின்றுவிட்டாலோ ஏனையோர் உழைப்பும் பாழாகும்.

ஊர்காவற்றுறைத் தீவின் கத்தோலிக்க மீனவக் கிராமங்களில், சிறப்பாகக் கூத்துக்குப் பெயர்பெற்ற மெலிஞ்சிமுனையில், இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது. கடற்றொழிலாளியின் இரவு அவனுக்கு உரியதன்று. வாடையும் சோழகமும் மீன்பாடுமே அதனைத் தீர்மானிப்பன. அண்ணாவியார் குறித்த நாளில் கடல் அழைத்துவிட்டால் எந்த அரசனும் கொலுவுக்கு வரமாட்டான். இருந்தும் அர்ச்சியசிட்டர் வரலாறுகளைப் பாடும் விடியவிடியக் கூத்துகள் இக்கரையோரங்களில் தலைமுறைகளாக ஆடப்பட்டு வந்தன.

இதற்குரிய விடையின் ஒரு பகுதி கூத்தின் அமைப்பிலேயே உள்ளது. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் தலைமைப் பாத்திரம் ஒருவருக்கே உரியதாக இருப்பதில்லை. முதலாம் இராசா, இரண்டாம் இராசா, மூன்றாம் இராசா என ஒரே பாத்திரத்தை இரவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு பேர் ஆடுவர். இரவு முழுவதும் ஒருவரே பாடினால் தொண்டை தாங்காது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையே, ஆயினும் அதுமட்டும் போதாது. அரச வேடம் பலருக்குப் பகிரப்படும்போது பல குடும்பங்கள் அக்கூத்தில் உரிமை பெறுகின்றன. அத்துடன், இரண்டாம் இராசாவாக வருபவன் தன் முறை வரும்வரை முதலாம் இராசாவின் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றான். குறை பிடிப்பதற்காகவேனும் கேட்பான்! ஒருவர் கடலுக்குப் போய்விட்ட இரவில் அவருடைய இடத்தை நிரப்பத்தக்க மற்றொருவர் களரியிலேயே இருப்பார். ஆட்டக்காரன் இல்லாமற்போகக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணி அமைத்த ஏற்பாடு போன்றே இது தோன்றுகின்றது.

மட்டக்களப்பில் இதே சிக்கலுக்கு வேறொரு வழி காணப்பட்டது. அங்கே பழக்கக் காலம் சடங்குகளாற் பகுக்கப்பட்டிருந்தது. சட்டம் கொடுத்தல், கிழமைக் கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிகள் பல கடந்த பின்னரே அரங்கேற்றம் வரும். ஊரார் முன்னிலையிற் காலிற் சதங்கை கட்டிக்கொண்டவன் அதன்பின் பின்வாங்குவது எளிதன்று. தொலைவில் இருக்கும் அரங்கேற்றத்தை மட்டும் காட்டி மனிதரை மாதக்கணக்கில் நடத்திச் செல்ல இயலாது என்பதை அம்மரபு அறிந்திருந்தது.

இச்சிக்கல் கூத்துக்கு மட்டும் உரியதன்று. அலன் கல்ஹமர் என்னும் அமெரிக்கர் உருவாக்கி 1959இல் வெளியிட்ட ‘டிப்ளோமசி’ என்ற ஆட்டத்தை எழுவர் ஆடுவர். 1963இல் நியூ யோர்க்கைச் சேர்ந்த ஜோன் போர்ட்மன் அதனை அஞ்சல் வழியாக ஆடுவிக்கத் தொடங்கினார். ஓர் ஆட்டம் முடிய ஆண்டுக்கணக்காகலாம். தோற்கும் நிலையிலுள்ளவர் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவதே அதற்குப் பெருந்தொல்லையாயிற்று. அவருடைய படைகள் கட்டளையின்றி நின்ற இடத்திலேயே நிற்க, அயல் ஆட்டக்காரர் உழைக்காமலே வென்றனர். இதற்கு மாற்று ஆட்டக்காரரை ஆயத்தமாக வைத்திருத்தல் பரிகாரமாகக் காணப்பட்டது. முகமறியாதவரிடையே வேறென்ன செய்வது? மெலிஞ்சிமுனையில் ஆட்டக்காரனைக் கட்டிவைத்தது முகமறிந்த ஊர். பழக்கத்துக்கு வராதவன் மறுநாட் காலையில் அதே கரையில், அதே மனிதர் முன்னே வலையிழுக்க வேண்டியிருந்தது.

முகமறிந்த ஊர் என்பது தீவகம் எங்கும் ஒரே தன்மையதாக இருந்ததில்லை. புங்குடுதீவு, நயினாதீவு முதலிய இடங்களைச் சேர்ந்த ஆடவர் பலர் தென்னிலங்கையில் வணிகம் செய்து, கோயிற்றிருவிழாக் காலத்திலேயே ஊர் திரும்பினர். மாதக்கணக்கான பழக்கம் இத்தகைய வாழ்வுக்குப் பொருந்துவதன்று. இசைநாடகமோ இதற்கு நேர்மாறானது. அதில் ஒவ்வொரு நடிகனும் தன் பாடத்தை முன்னரே அறிந்தவன். தனித்தனியே அழைக்கப்பட்டு, மேடையில் ஒன்றுகூடி, விடிந்ததும் பிரிந்துவிடுவான். அரிச்சந்திரன் வேடத்தாற் புகழ்பெற்ற காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து (1924–1989) இம்மரபின் சிகரமாக விளங்கினார். இசைநாடகம் யாழ்ப்பாணத்திற் பரவியமைக்கு அதன் இசையினிமையே காரணம் என்பர். ஆட்டக்காரரிடம் நீண்டகாலப் பிணைப்பை அது கோராமையும் ஒரு காரணமாகலாம் எனக் கருத இடமுண்டு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் பேராதனையில் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, விடியும்வரை ஆடப்பட்டது சில மணி நேரத்துள் அடங்கலாயிற்று. கூத்துக்குப் புதுவாழ்வு அளித்த முயற்சி அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே மாணவரைப் பிணைத்தவை ஆசிரியர் மீதான மதிப்பும் பல்கலைக்கழகத் தவணையுமே. கிராமத்தில் அதே வேலையைச் செய்த உறவும் மானமும் அங்கே இல்லை.

1990 ஆகஸ்டில் தொடங்கிய படை நடவடிக்கைகளால் தீவகத்து மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். யாழ்ப்பாணக் குடாநாடு, வன்னி, தமிழகம், ஐரோப்பா, கனடா எனக் குடும்பங்கள் சிதறின. ஏட்டுப்பிரதியை ஒருவர் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றலாம்; பழக்கத்துக்கு வந்து நிற்கும் இருபது பேரை அவ்வாறு காப்பாற்ற இயலாது. பிற்காலத்திற் பாரிசிலும் தொரன்ரோவிலும் ஈழத்துக் கூத்துகள் மேடையேறின. அங்கே சோழகத்தின் இடத்தைத் தொழிற்சாலை இரவுவேலையும் உணவகத்து வேலைமுறையும் பிடித்துக்கொண்டன. மண்டபத்தை வாடகைக்கு எடுத்த நேரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டியிருந்தமையால் கூத்து சுருங்கிற்று. இரண்டு மணி நேரக் கூத்துக்கு ஓர் இராசா போதும். இரண்டாம் இராசாவும் மூன்றாம் இராசாவும் பார்வையாளர் வரிசையில் அமர்ந்தனர்.