பழைய வேரின் கடைசி அறுவடை: ரொமானே-கோன்ட்டி 1945

இன்னிக்கு ஒரே ஒரு பாட்டிலைப் பத்திப் பேசப்போறோம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் ஒயின் குடிக்கிறவன் இல்லை. அதனால வாசனை, சுவை பத்தியெல்லாம் என்கிட்ட எதிர்பார்க்காதீங்க. என்னை இந்தக் கதைக்குள்ள இழுத்தது ஒரு தோட்டமும் ஒரு பூச்சியும்தான்.

2018 அக்டோபர். நியூயார்க்கில் சோத்பீஸ் நிறுவனம் நடத்திய ஏலத்தில் 750 மில்லி கொண்ட ஒரு பாட்டில் பிரெஞ்சு சிவப்பு ஒயின் 5,58,000 டாலருக்குப் போனது. ஏலக்காரர்களே அதற்குப் போட்டிருந்த மதிப்பு 32,000 டாலர்தான். அதே ஏலத்தில் அதே ஒயினின் இன்னொரு பாட்டில் 4,96,000 டாலருக்கு விற்றது. ஒரு சாதாரண அளவு பாட்டிலுக்கு அன்றைய தேதியில் அது உலக சாதனை. லேபிளில் இருந்த பெயர் ரொமானே-கோன்ட்டி, ஆண்டு 1945.

ஏன் இவ்வளவு விலை? 1945 போர் முடிந்த வருஷம், வெற்றியின் வருஷம், அதான் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி பதில். பிரான்சில் அந்த வருஷம் எத்தனையோ தோட்டங்களில் நல்ல ஒயின் வந்தது. அதெல்லாம் இந்த விலைக்குப் போகவில்லையே?

கிழக்கு பிரான்சில் பர்கண்டி என்ற பகுதி. அங்கே வோன்-ரொமானே என்று ஒரு சின்ன ஊர். ஊரை ஒட்டின சரிவில் தாழ்வான கல் சுவர், ஓரத்தில் ஒரு கல் சிலுவை. அதுதான் தோட்டம். மொத்தமே 1.8 ஹெக்டேர், நம்ம கணக்கில் 4.5 ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. முழுக்க பினோ நுவார் என்ற ஒரே ரகத் திராட்சை. ஒரு காலத்தில் செயிண்ட்-விவாண்ட் மடத்துத் துறவிகளின் நிலம். பிறகு கை மாறி, 1760இல் கோன்ட்டி இளவரசர் வாங்கினார். பதினைந்தாம் லூயி மன்னரின் உறவினர். வாங்கியவர் ஒயினைக் கடைக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டு, தன் வீட்டு விருந்துக்கு வைத்துக்கொண்டாராம்! புரட்சி வந்ததும் அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்டது. இளவரசர் குடும்பம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இனி பூச்சிக்கு வருவோம். 1860களில் தெற்கு பிரான்சில் திராட்சைக்கொடிகள் காரணம் தெரியாமல் சாக ஆரம்பித்தன. செத்த கொடியைத் தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருக்கும், பூச்சி எதுவும் இருக்காது. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் கூட இருந்தவர்களும் ஒரு வேலை செய்தார்கள். செத்ததை விட்டுவிட்டு, பக்கத்தில் நன்றாக இருந்த கொடியைத் தோண்டினார்கள். வேர் முழுக்க கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மஞ்சள் பூச்சிகள். கொடி சாகிற நிலைக்கு வந்ததும் அவை அடுத்த கொடிக்குப் போய்விடுகின்றன. அதான் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. நம்ம ஊர் அசுவினிக்கு ஒருவகையில் சொந்தம். ஃபிலாக்ஸரா என்று பெயர். அமெரிக்காவிலிருந்து உயிருள்ள கொடிகளோடு கப்பலேறி வந்தது.

சேதத்தின் அளவைச் சொன்னால்தான் புரியும். 1875இல் பிரான்சின் ஒயின் உற்பத்தி சுமார் 8.4 கோடி ஹெக்டோலிட்டர். 1889இல் சுமார் 2.3 கோடி. நாலில் மூணு பங்கு போய்விட்டது. மருந்து கண்டுபிடிப்பவருக்கு 3 லட்சம் ஃபிராங்க் பரிசு என்று அரசாங்கம் அறிவித்தது. கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை, அது வேற கதை.

கிடைத்த வழிகள் இரண்டு. அமெரிக்கக் கொடிகள் அந்தப் பூச்சியோடேயே வளர்ந்தவை, அவற்றின் வேர் கடியைத் தாங்கும். அதனால் அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டலாம். ஒட்டு மாங்கன்று வைத்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்னொரு வழி, பழைய கொடியை அப்படியே வைத்துக்கொண்டு மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு செலுத்துவது. பெரிய ஊசி மாதிரி ஒரு கருவியால் மண்ணைக் குத்திக் குத்தி உள்ளே விடணும். நாற்றம், விஷம், சட்டென்று தீப்பிடிக்கும், அளவு கூடினால் கொடியே செத்துவிடும். செலவோ செலவு. பூச்சி அடியோடு அழியாது என்பதால் வருஷா வருஷம் செய்யணும்.

கிட்டத்தட்ட எல்லோரும் ஒட்டுக்கு மாறினார்கள். ரொமானே-கோன்ட்டி மாறவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு கொடி பலவீனமானால் புதுக் கன்று வாங்கி நடுகிற பழக்கம் இல்லை. பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் தனிச் செடியாக்குவார்கள். அதாவது பதியம். என் தாத்தா கொய்யாவுக்குச் செய்ததும் இதுதான். பதியத்தில் வருவது புதுச் செடி இல்லைங்க, அதே செடியின் தொடர்ச்சி. அப்படியென்றால் அங்கே நின்ற கொடிகள், எத்தனையோ தலைமுறைகளாக அதே மண்ணில் நடந்துகொண்டே வந்த செடிகள். அதை வெட்ட உரிமையாளர்களுக்கு மனசு வரவில்லை. இதை வீரம் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு வசதி இருந்தது. சின்ன விவசாயியால் அந்த ரசாயனச் செலவைத் தாங்கியிருக்க முடியாது.

ஆக சுமார் 60 வருஷம் அந்தத் தோட்டம் ஊசியிலேயே உயிர் வாழ்ந்தது. 1940இல் ஜெர்மன் படை பிரான்சைப் பிடித்தது. ஆள் இல்லை, எரிபொருள் இல்லை, கார்பன் டைசல்பைடும் கிடைக்கவில்லை. ஊசி நின்றது. மண்ணுக்குள் காத்திருந்த பூச்சி வேலையைத் தொடங்கியது.

1945க்குள் கொடிகள் ஓய்ந்துபோயிருந்தன. வசந்தத்தில் கடும் பனி, பிறகு ஆலங்கட்டி மழை. தப்பிப் பிழைத்த கொஞ்சக் குலைகள் சுட்டெரித்த கோடையில் பழுத்தன. தோட்டம் முழுவதும் சேர்ந்து வந்தது சுமார் 600 பாட்டில்! இன்றைக்கு ஒரு சராசரி வருஷத்தில் ஐயாயிரத்துக்குக் குறையாமல் வருகிற இடம் அது.

அறுவடை முடிந்தது. கொடிகளை வேரோடு பிடுங்கினார்கள். 1947இல், அதே உரிமையாளர்களுக்குச் சொந்தமான லா தாஷ் என்ற, கூப்பிடு தூரத்தில் இருக்கிற தோட்டத்துக் கொடிகளிலிருந்து குச்சி எடுத்து, அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டி நட்டார்கள். இளங்கொடியின் பழத்துக்கு இந்தப் பெயரைப் போட அவர்கள் தயாராக இல்லை. 1952 வரை காத்திருந்தார்கள்.

பழைய வேரின் ஒயின்தான் உசத்தி, ஒட்டு வந்த பிறகு அந்த ருசி போச்சு என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது. 1945இல் விளைச்சல் அவ்வளவு குறைவு, வெயில் அவ்வளவு கடுமை, கொடிக்கோ அவ்வளவு வயது. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்போது பெருமையை வேருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது? ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால் பழைய கொடி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த 5,58,000 டாலரில் ருசிக்கு எவ்வளவு, இனி கிடைக்காது என்பதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இவ்வளவு விலை இருக்கிற இடத்தில் போலி வராமல் இருக்குமா? பழைய பர்கண்டி ஒயின்களைத் தன் வீட்டிலேயே கலந்து, லேபிள் ஒட்டி, கோடிக்கணக்கில் விற்ற ரூடி குர்னியவான் என்பவருக்கு 2014இல் அமெரிக்க நீதிமன்றம் பத்து வருஷ சிறைத் தண்டனை கொடுத்தது. நிபுணர்கள் பழைய பாட்டிலைச் சோதிக்க கண்ணாடி, தக்கை, காகிதம், பசை என்று என்னென்னவோ பார்க்கிறார்கள். ஆனால் ரொமானே-கோன்ட்டி விஷயத்தில் உங்களுக்கும் எனக்கும்கூட ஒரு சோதனை கைவசம் இருக்கிறது. 1946 முதல் 1951 வரை எந்த வருஷம் லேபிளில் இருந்தாலும், பாட்டிலைத் திறக்கவே வேண்டாம்.